பக்கத்துக்கு ஒரு கதவு

எடிட்டர்: …கதவுக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடுற சத்தம். அருமை! அங்கயே கதைய நிறுத்த வேண்டாமா அக்கா? அதே பக்கத்துல கதவையும் திறந்துட்டீங்களே!

அக்கா: திறந்தேன். உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது.

எடிட்டர்: அப்புறம் அடுத்த பக்கத்த எவன் புரட்டுவான்? பதில் தெரியாத கேள்வி மூளையில முள்ளு மாதிரி. எடுக்கிற வரைக்கும் மனுஷன் சும்மா இருக்க மாட்டான். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நம்ம சார், உங்க வீட்டுக்காரர்தான். இதே நாற்காலியில உக்காந்து!

அக்கா: தெரியும். வீட்டுலயும் அதே பாடந்தான்.

எடிட்டர்: பிறகென்ன? ரெண்டு பக்கம் தள்ளித் திறங்க. அப்புறம்… கதாநாயகி பூட்டு ரிப்பேர் பண்றவள்னு பக்கத்துக்குப் பக்கம் சொல்றீங்க. படிக்கிறவங்களுக்கு அதுகூடவா ஞாபகம் இருக்காது?

அக்கா: எல்லாருக்கும் இருக்கும்னு யார் சொன்னா?

எடிட்டர்: அக்கா, விளையாடாதீங்க…

அக்கா: ஒரு வரி மாத்த மாட்டேன். போட்டா இப்படியே போடு. இல்லேன்னா என் காகிதக் கட்டைக் கொடு, கிளம்பறேன்.

எடிட்டர்: அட, உக்காருங்க. கோவத்துல நீங்களும் சாரும் ஒண்ணு! சார்கிட்ட காட்டினீங்களா? காய்ச்சல் சரியாகி ஓய்வுலதானே இருக்கார்? போன்ல ஒரு வார்த்தை…

அக்கா: போன் வேண்டாம்.

எடிட்டர்: ஏன்? ஆபீஸ் பக்கமே வரல. வீட்டுக்கு வரேன்னாலும் இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வேண்டாம்னு நீங்க…

அக்கா: கதையப் பத்திப் பேசு.

எடிட்டர்: அதைத்தான் பேசறேன்! சார் பாத்தா வெட்டித் தள்ளியிருப்பார்.

அக்கா: நீ முழுசாப் படிச்சியா?

எடிட்டர்: அது… படிச்சேன். நேத்து பஸ்ல.

அக்கா: எங்க முடிச்ச?

எடிட்டர்: …டிப்போவுல. இறங்க வேண்டிய இடம் போனதே தெரியல. தூங்கறவனை எழுப்பற மாதிரி கண்டக்டர் தோளைத் தட்டினார். போதுமா?

அக்கா: கேள்வி எதுவும் தொங்கல. அப்புறம் எது உன்னைப் பிடிச்சு உக்கார வச்சுது?

எடிட்டர்: அதான் புரியல. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பயம். உள்ளே வெறும் நாய்னு தெரிஞ்சும் போகல. அடுத்த கதவுக்குக் கூடவே வந்துது… இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?

அக்கா: டாக்டர்கிட்ட. ஆஸ்பத்திரி வராண்டாவுல.

எடிட்டர்: டாக்டரா?

அக்கா: 'காய்ச்சல் மூளையைத் தொட்டுடுச்சும்மா. இனிமே புதுசா எதுவும் தங்காது. காலையில யார் வந்தாங்கன்னு மறந்துடுவார். ஆனா வந்தவங்க சிரிக்க வச்சிருந்தா, அந்தச் சந்தோஷம் மட்டும் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்'னார்.

எடிட்டர்: சாரா…? ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?

அக்கா: சொன்னா? பழக்கூடையோட வந்து நின்னு 'ஐயோ பாவம்'னு பாப்பே. அவரை அப்படி எவனும் பாக்கக் கூடாது. இந்தப் புத்தகத்தையும் பாவம் பாத்துப் போடக் கூடாது.

எடிட்டர்: அதனாலதான் பக்கத்துக்கு ஒரு கதவா…

அக்கா: ஒரு பக்கந்தான் தங்குது. புரட்டினா போச்சு. பாதியில விட்டா, என்ன கேள்வின்னே தெரியாம அந்த மனுஷன் தவிக்கிறார் தம்பி. படிக்காம அவரால இருக்கவும் முடியாது. அவர் மூளை மாறாதுன்னா கதை மாறட்டும். உங்க சட்டமெல்லாம் உங்களோட!

எடிட்டர்: படிச்சாரா?

அக்கா: முழுசா. பென்சிலும் கையுமா.

எடிட்டர்: என்ன… என்ன சொன்னார்?

அக்கா: படிக்கும்போதே, 'யாரும்மா எழுதினது? விட்றாத, இதை உடனே போடணும்'னார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் எழுதினது ஒண்ணக்கூட அச்சேற விடாத மனுஷன்! நான்தான்னு சொன்னேன். அப்படியே என்னைப் பாத்துட்டு, கையப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் பக்கத்தப் புரட்டிப் படிச்சிட்டு, 'யாரும்மா எழுதினது?'ன்னார்.