ஆவணி வரைக்கும் பொறுக்க முடியாது

மாரிமுத்து, இன்றைக்குச் சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் என் பஸ் நின்றபோது, ஜன்னலுக்குக் கீழே ஒரு புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் பைக்கில் நின்றார்கள். பின்னால் பெரிய பை கட்டியிருந்தது. பக்கத்தில் மொபெட்டில் நின்றவர் அவளுடைய மாமா.

"சித்திரையில பிள்ள பொறந்தா ஏசி மாட்டிக்கிடுதோம் மாமா!" என்றாள் அவள்.

"வெக்கங்கெட்டவளே! ஆடி மாசம் பொண்ணு அம்மை வீட்டுலலா இருக்கணும்? மாப்ள, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் என்னத்த சொல்ல மாமா? மூணாறு, மைசூருன்னு வழி போட்டதே அவதான்."

"ஊரு சிரிக்கும். ஆவணி பொறக்கட்டும், பைய போலாம்."

"ஊரு சிரிச்சு முடிக்கட்டும் மாமா. அதுக்குள்ள நாங்க போயிட்டு வந்திருதோம்."

கேட் திறந்தது. அவர்கள் பைக்தான் முதலில் பாய்ந்தது.

நாமும் போன வருஷம், கல்யாணமான புதிதில், பைக் பயணத்தை ஆவணிக்கு என்றுதான் தள்ளிவைத்தோம். நான் அம்மா வீட்டில் இருக்கும்போதே, ஆடி முடியுமுன் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இனி எவர் நாள் குறித்தாலும் கேட்க மாட்டேன். உன் பைக்கை நானே ஓட்டப் பழகுகிறேன்.

இதைப் படிக்கிற எல்லாரும் என் மாரிமுத்துவுக்காகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம், இன்றைக்கே.