கல்லில் விடுபட்ட அரவு

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

தலைமை தாங்கும் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, வேலைவெட்டியை விட்டு வந்திருக்கும் கல்முனைக்குடி மக்களே, திரைக்கு அப்பாலிருக்கும் தாய்மார்களே!

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசிய ஐவரும் மர்ஹூம் காலிதீன் ஆசிரியரை "ஏரோப்பிளேன் வெளியின் நாயகன்" என்று புகழ்ந்தார்கள். ஐந்து தடவையும் எனக்கு வயிறு எரிந்தது. ஆம், மௌத்தான பிறகும் அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை!

ஒரே பாடசாலையில் அவர் சரித்திரம் படிப்பித்தார், நான் தமிழ் படிப்பித்தேன். அந்த வெளியில் நாம் நெல் காயப்போடும் கொங்கிறீட் துண்டு, உலகப் போரில் விமானம் ஓடிய பாதை என்று முதலில் எழுதியவன் யார்? நான்! பாடசாலை மலரில் எழுதினேன். உங்களில் யார் வாசித்தீர்கள்? காலிதீன் ஒருவர்தான் வாசித்தார். வாசித்ததோடு நிற்கவில்லை. வெயிலில் நின்று வெளியை அளந்தார். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, நினைவுக்கல் வைக்க அனுமதி வாங்கினார். உழைப்பு அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் பேரும் அவருக்கே போயிற்றே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"மசூர் சேர், பிழை இருந்தாச் சொல்லுங்க. நீங்க ஒருக்காப் பார்த்தா எனக்கு நிம்மதி."

"இரண்டாம் உலகப் பேர்க் காலத்து விமானத்தளம்" என்றிருந்தது. ஓர் அரவு, அதாவது எழுத்துக்குப் பின்னால் வரும் துணைக்கால், விடுபட்டு, "போர்" என்பது "பேர்" ஆகியிருந்தது. கண்டேன். கீழே "நிறுவியவர்: காலிதீன்" என்றிருந்ததையும் கண்டேன். "சரி" என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன்!

திறப்பு விழாவில் ஊரே சிரித்தது.

"போர் போய்ப் பேர் வந்துட்டு!" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவரோ எல்லோர் முன்னாலும், "பிழை என்னுடையது" என்றார்.

அதன்பின் ஒன்பது வருடம், ஜும்ஆ முடிந்து காணும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"கல்லப் பார்த்தீங்களா சேர்?"

பெருமையடிக்கிறார் என்று நினைத்தேன். "திரும்பப் போய்ப் பார்க்க நேரமில்ல" என்று சொல்லி நடந்துவிடுவேன்.

முந்தாநாள் அவருடைய மகள் ஆதிலா ஒரு தாளைத் தந்தாள். அதில் என் கையெழுத்தில் "சரி". இதை ஏன் வாப்பா ஒருவருக்கும் காட்டவில்லை என்று கேட்டேன்.

"கல்லத் திருத்துவமா எண்டு நானும் கேட்டன் சேர். 'வேணா மகள், மசூர் சேர் கண்டுதான் ஒப்பம் வெச்சிருக்கார். அவரே வந்து சொல்லட்டும்' எண்டார் வாப்பா."

சபையோரே! இந்தத் தாளை ஒரு தடவை காட்டியிருந்தால் என் மானம் அன்றைக்கே போயிருக்கும். காட்டினாரா? இல்லையே! பொறுமையிலும் என்னை முந்திவிட்டார் பாருங்கள், அதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என் பங்கு ஓர் அரவு. நாளைக் காலை கல்வெட்டுபவரோடு போகிறேன். இடம் நெருக்கம்தான், சின்னதாகவாவது செதுக்குவோம். கீழேயுள்ள பெயரைத் தொடமாட்டேன். வருகிறவர்கள் வாருங்கள், பிழை யாருடையது என்று அங்கேயும் சொல்வேன். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக, என்னை மன்னிப்பானாக.

காலிதீன், கல்லைப் பார்த்தேன். அதை வெட்டுவதற்கு முன்பே பார்த்தேன்.