பொன்னி பேரு போட்ட தூக்கு

...ஒரே ஒரு கறுப்பு கவரு இருந்திருந்தா இந்த வம்பே வந்திருக்காதுக்கா. அது இல்லாம போயி, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வூடு தேடிகினு பஸ்ல தொங்கறேன். கொஞ்சம் நவுந்துக்கங்க... ஆங், போதும். அந்தப் பைய ஏன் கால் நடுவுல இடுக்கிகினு கஷ்டப்படறீங்க, குடுங்க, மடில வெச்சிக்கறேன். வாணாமா? சரி, உங்க இஷ்டம்.

இப்ப இருக்கறது ஆசிரமத்தாண்ட, செங்கம் ரோட்டுக்கு உள்ள தெரு. மாடில ஓனரு, கீழ நாங்க. ஓனரு ஆதிமூலம் ஐயா நல்ல மனுஷன், பொய் சொல்லக்கூடாது. சைவம் சாப்புடறவங்களுக்குத்தான் வூடுன்னு ஒரே ஒரு கண்டிசன். எங்க வூட்டுக்காரருக்கோ ஞாயித்துக்கெழம கறி இல்லன்னா சோறு எறங்காது. ஆனா வாடகை கம்மி, பொண்ணுக்கு ஸ்கூலு எட்ற தூரம். நாங்க சைவம்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்ல?

வாசனையா? ஜன்னல சாத்திட்டு சாம்பிராணி போட்டுடுவேன். வாரம் தவறாம சாம்பிராணி போடற குடும்பம்னு தெருவுல அதுக்கே ஒரு நல்ல பேரு. மூணு வருஷம் ஓட்டினேன்க்கா. எல்லாம் அந்த கறுப்பு கவரு புண்ணியம். வெள்ளக் கவருன்னா உள்ள இருக்கறது தெரியும். கறுப்புன்னா பிஞ்ச செருப்போ, தெக்க குடுத்த ஜாக்கெட்டோ, யாரு கேக்கப் போறா? இந்த ஊர்ல பாதி வூட்டு மானத்த காப்பாத்தறதே அதுதான்.

அப்படி இருக்கறப்போ எவளோ ஒருத்தி கெளம்புனா பாருங்க. மகளிர் குழு கூட்டத்துல மைக்க புடிச்சிகினு, கவரு வாணாம், பாக்கெட்டு வாணாம், கடைக்கு பாத்திரம் எடுத்துகினு போங்கன்னு அரை மணி நேரம். கைத்தட்டுன்னா அப்படி ஒரு கைத்தட்டு. ஊரெல்லாம் அதே பேச்சாயிடுச்சி. கறிக்கடை பாயி கூட கவரு வெக்கறத நிறுத்திட்டாரு.

யாரு அந்த ஒருத்தின்னு கேக்கறீங்களா... அத வுடுங்க. நான்தான்.

பேசினது மட்டுமா? கதவு பின்னாடி ஒரு கவரு, அதுக்குள்ள நூறு கவருன்னு சேத்து வெச்சிருந்தத மூட்ட கட்டிப் போட்டேன். ஷாம்பு பாக்கெட்ட நிறுத்தி பொண்ணுக்கு சீயக்கா தேச்சேன், அது ஒரு வாரம் கண்ணு செவந்து அழுதுச்சி. மாவு பாக்கெட்ட நிறுத்தினேன், எனக்கு இடுப்பு போச்சி. எங்க வூட்டுக்காரரு மஞ்சப்பையில கறிய எலையில சுத்தி எடுத்துகினு வந்தாரு, மாடிப்படியாண்ட செவப்பா சொட்டிடுச்சி. பீட்ரூட்டுன்னு சமாளிச்சேன். அதோட நிறுத்தி இருக்கணுமா வாணாமா?

தேரடி வீதியில ஒரே மாதிரி ரெண்டு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். இதோ மடில இருக்கறது ஒண்ணு. இன்னொண்ண ஆதிமூலம் ஐயாவுக்கு குடுத்து, ஏன்யா பாக்கெட் பாலு, அடி அண்ணாமலையில இருந்து பால்காரரு வர்றாரே, இதுல ஊத்தி வாங்குங்கன்னு புத்தி சொன்னேன். மனுஷனுக்கு சந்தோஷம் தாங்கல. பொன்னிய பாத்து கத்துக்கங்கன்னு தெருவெல்லாம் சொல்லிகினு வந்தாரு. வாங்கறப்பவே கடைக்காரரு பேரு வெட்டட்டுமான்னு கேட்டப்போ, எனக்கும் ஆச, ரெண்டுலயும் பொன்னின்னு வெட்டச் சொல்லிட்டேன். குடுத்தது யாருன்னு நாலு பேருக்குத் தெரியணும் இல்லீங்களா? பெருமைக்கு எருமை மேய்ச்ச கத.

போன ஞாயிறு ஐயா பாலோட வர்றாரு, எங்க வூட்டுக்காரரு போட்டியோட வர்றாரு. ஆட்டுக் கொடலுக்கா, அரை கிலோ. அந்த நேரம் பாத்து மாடிக்கு காஸ் சிலிண்டரு வந்துச்சி. ரெண்டு பேரும் தூக்க படியில வெச்சிட்டு சிலிண்டர ஏத்தினாங்க, எறங்கி வந்து ஆளுக்கு ஒண்ண எடுத்துகினாங்க. நான் மசாலா அரைச்சி வெச்சிட்டு தெறக்கறேன், உள்ள பாலு. மாடில அவரு காப்பிக்குன்னு பாத்திரத்துல சாய்ச்சிருக்காரு.

கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. எறங்கி வந்து ரெண்டு தூக்கையும் பக்கத்துல வெச்சிப் பாத்தாரு. "ரெண்டுலயும் உன் பேருதானம்மா இருக்குது"ன்னாரு. பேரு இல்லன்னா பால்காரராண்ட யாரோடதோ மாறிடுச்சின்னு தள்ளி வுட்டிருப்பேன். வூட்ட காலி பண்ண பத்து நாளு டைமு குடுத்திருக்காரு. பொண்ணுக்கு பரீச்ச வருது. ராத்திரி தூக்கமே இல்லக்கா, நெஜமா பயமா இருக்குது.

அதான் வேங்கிக்காலுக்கு போறேன். கலெக்டராபீஸ் தாண்டி பச்ச கேட்டாம், மாடி போர்ஷன். ஓனரம்மா பேரு ராணியம்மாளாம். போன்ல மொத கேள்வியே சைவமான்னுதான். சுத்த சைவம்னுட்டேன். பொய்தான், இன்னா பண்றது? பாத்து முடிச்சிட்டு அப்படியே கறிக்கடைக்கு போலாம்னுதான் தூக்கு.

எழுந்துட்டீங்களா? நீங்களும் இங்கதானா? நல்லதாப் போச்சி, சேந்தே நடக்கலாம். ஏங்க்கா இவ்ளோ வேகமா நடக்கறீங்க... இதான் அந்த பச்ச கேட்டு போல. நீங்க ஏன் சாவி எடுக்கறீங்க?

ஐயோ. ராணியம்மா நீங்கதானா?

போச்சி. நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. பஸ் ஏறுனதுல இருந்து ஒண்ணு வுடாம ஒப்பிச்சிட்டேனே... சரிங்க, நான் வர்றேன். உங்க மேல தப்பு இல்ல.

இருங்க இருங்க. உங்க பையில இருந்து சொட்டுது. படி மேல பாருங்க, செவப்பா. கொஞ்சம் தெறங்க... கறுப்பு கவரு. அடியில ஓட்ட.

ஒண்ணும் சொல்ல வாணாங்க. எதிர் வூட்டுல எட்டிப் பாக்கறாங்க. பீட்ரூட்டுன்னு நான் பாத்துக்கறேன். இந்தாங்க, இதுல போட்டுக்கங்க, காலித் தூக்குதான். தைரியமா புடிங்க, பேர நேத்தே அரத்தால ராவிட்டேன்.