லூடோவில் வெட்டுப்பட்ட மருமகள்

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், கைபேசியில் ஒரு விளையாட்டுகூட இருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் போகும் பேருந்தில், எனக்கும் என் சின்ன மகளுக்கும் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கைபேசியைப் பார்த்துச் சந்தோஷமாகக் கத்தினாள்.

"எங்க மாமியா என்னை வெட்டிடுச்சுடி!"

நான் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"லூடோலயா?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமா. சண்டை போட்டுக்கினு நாத்தனா வூட்டுக்குப் போனதுலேர்ந்து பேச்சே இல்ல. போன் பண்ணா எடுக்காது. ஆட்டத்துக்குக் கூப்ட்டா மட்டும் வந்துடும்."

"வெட்டுனதுக்கா இந்தக் குதி குதிக்கற?"

"தினம் என் காயை அது எதிர்லயே கொண்டுபோய் வெப்பேன். தொடாம தாண்டிப் போய்க்கினே இருந்துச்சு. இன்னிக்கு வெட்டிட்டு, சிரிக்கிற பொம்மை வேற அனுப்பிக்கீது பாரு!"

அதற்குள் கைபேசி அடித்தது.

"ஐயோ, அதாண்டி!" என்று எடுத்தாள். "இன்னா அத்த, வெட்டிட்டியா? சரி, வூட்டுக்கு வந்து நேர்ல வெட்டு."

மகள் பிறந்ததும் என் கைபேசியில் இருந்த விளையாட்டையெல்லாம் அழித்துவிட்டேன். இப்போது லூடோவை மட்டும் திரும்ப ஏற்ற ஆசையாக இருக்கிறது. ஏற்றலாமா? குழந்தை வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.