‘படுங்கோ’ என்றவர்

ஓடுகிறோம். ஒழுங்கை. ஒடுங்கிய மண்பாதை, இரண்டு பக்கமும் கிடுகுவேலி. வியாழக்கிழமை. காலை ஆறு இருபது. முன்னால் அம்மா, கையில் சூட்கேஸ். பின்னால் நான். எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ரீச்சர், சீலையைத் தூக்கிப் பிடித்தபடி. கடைசியில் அப்பு. அம்மாவின் தகப்பன். எழுபத்துநாலு வயது.

ஆமி முகாம் பக்கம் ‘டொம்’ என்கிறது. அது ஷெல் புறப்படும் சத்தம். உடனே எண்ணத் தொடங்க வேண்டும். அப்பு பழக்கியது. எட்டில் விசில் கேட்கும். ஒன்பதில் விழும். விசில் கேட்கும்போது நிலத்தில் இருக்க வேண்டும். யோசிக்கக் கூடாது.

ஏழு. எட்டு.

“படுங்கோ! ரீச்சர், படுங்கோ!”

படுத்தேன். வாய்க்குள் மண் போனது. அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு. இதென்ன, அப்பு ‘ங்கோ’ போடுகிறார்?

ஒன்பது.

இதை நான் பாரிஸில் இருந்து எழுதுகிறேன். எண்பத்தெட்டாம் ஆண்டு. லா சப்பல், மெற்றோப் பாலத்துக்கு அருகே ஒரு பலசரக்குக் கடை. அதன் மேல்மாடியில் கேஸ் எழுதும் அண்ணை ஒருவர் இருக்கிறார். தஞ்சம் கேட்டு நான் போட்ட முதல் கேஸைத் தள்ளிவிட்டார்கள். இது இரண்டாவது. இதையும் தள்ளினால் திரும்பிப் போக வேண்டும். அந்த ஒழுங்கைக்கு.

அப்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். ஓம், வெள்ளைக்காரர்தான். சிரிக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஆமிக் கப்டனாகத் திருகோணமலைக்கு வந்தார். மலேரியாவில் விழுந்தார். அவரைப் பராமரித்த நேர்ஸ் எங்கள் ஊர்ப் பெண். அவரையே கட்டினார். போர் முடிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. நாற்பது வருசம் எங்கள் ஊரில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தினார். ஊருக்கு அவர் கப்டன். ஒடியல் கூழுக்கு வெண்ணெய் கேட்கிற கப்டன். மாரி மழைக்கு முற்றத்தில் நின்று நனைவார். காய்ச்சல் வரும் என்று அம்மா கத்துவார். யாராவது ‘இங்கிலீஸ்காரன்’ என்றுவிட்டால் மட்டும் கண் சிவக்கும். “இங்கிலீஸ் இல்லை! ஸ்கொட்!” இங்கே ரெஸ்ரோரண்டில் முதலாளி என்னைப் பாக்கிஸ்தானி என்று கூப்பிடும்போது எனக்கு அதே கோபம் வருகிறது.

அவர் தமிழைத் துறைமுகத்தில் படித்தவர். எல்லாம் கட்டளை. தூக்கு. இழு. வா. போ. படு. மரியாதைச் சொல் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். “வா. இரு. தேத்தண்ணி குடி.” சாமியார் இருந்து குடித்துவிட்டுப் போனார். ஊரே சிரித்தது. அம்மாவுக்கு மானம் போனது.

“அப்பா, வாங்கோ எண்டு சொல்லுங்கோவன்.”

“சண்டையில ‘ங்கோ’வுக்கு நேரமில்லை.”

அவருடைய பதில் எப்போதும் அதுதான். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆறாமல் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலு மணி ஐந்து நிமிசம். முதல் தடவையாக ஷெல் எங்கள் பக்கம் திரும்பியது. ரீச்சர் கிணற்றடியில் நின்றார். இளைப்பாறிய தலைமையாசிரியை. ஊரில் பாதிப்பேருக்கு அடி போட்டு எழுத்துப் பழக்கியவர். அப்பு வேலிக்கு மேலால் கத்தினார். “படு!” கத்திக்கொண்டே தானும் விழுந்தார். சொல்லும் விழுகையும் அவருக்கு ஒன்று. ரீச்சர் படுக்கவில்லை. ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் எழுதத் தேவையில்லை. வாளியோடு விறைத்து நின்றார்.

“ஆரைப் பாத்துப் படு எண்டு சொல்லுறாய்?”

ஷெல் பின்வளவில் விழுந்தது. ஆடு ஒன்று செத்தது. ரீச்சருக்கு ஒன்றுமில்லை. பிறகு எங்கள் படலை வாசலுக்கு வந்து அழுதார். மரியாதை இல்லாமல் உயிர் என்னத்துக்கு என்று கேட்டார். அப்பு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை. ஷெல் இல்லை. அப்பு முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். “படுங்கோ. ஓடுங்கோ. இருங்கோ.” நாக்குப் புரளவில்லை. ‘படுங்-கூ’ என்றுதான் வந்தது. அம்மா சிரித்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன். “இன்னொருக்காச் சொல்லுங்கோ அப்பு” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தேன். அதை எழுதத்தான் வேண்டும்.

வியாழன் காலை அவர் அதைச் சரியாகச் சொன்னார். நின்றுகொண்டு சொன்னார். ‘படு’ என்றால் உடம்பு தானாக விழும். ‘ங்கோ’வுக்கு விழ அவருக்குத் தெரியாது. ரீச்சரைப் பார்த்துக் கை நீட்டி, இரண்டு தரம் சொன்னார். ரீச்சர் உடனே படுத்தார். கண்ணாடி மட்டும் உடைந்தது. அப்புவுக்குக் கழுத்தில் ஷெல் துண்டு.

அம்மா படுத்துத்தான் இருந்தார். படுத்தவர்களும் செத்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

முதல் விசாரணையில் நான்தான் கெடுத்தேன். “எங்கட அப்பு ஆமி ஒபிசர்” என்று பெருமையாகச் சொன்னேன். மொழிபெயர்த்தவர் பாண்டிச்சேரிக்காரர். நல்ல மனிதர். சொன்னதைச் சொன்னபடி சொன்னார். தாத்தா ராணுவ அதிகாரி. ஷெல் அடித்ததும் ராணுவம். எந்த ராணுவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘முன்னுக்குப் பின் முரண். நம்பத்தக்கதல்ல.’ கடிதம் வந்தது.

கேஸ் அண்ணை அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“தங்கச்சி, கிழவனை வெட்டுவம்.”

“என்னண்ணை சொல்லுறியள்?”

“வெள்ளைக்காரன்ர பேத்தி எண்டா லண்டனுக்குப் போ எண்டுவாங்கள். ஒபிசர் எண்டா திரும்பவும் குழம்புவாங்கள். அம்மா போதும். வேலிக்கு அங்கால செத்த ரெண்டு பேர் போதும். மூண்டு சாவு. கேஸ் நிண்டிடும்.”

போதும். பந்தியில் சோறு போடுகிறவர் கேட்கிற மாதிரி. பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேருக்குக் கார்த், அதுதான் அகதி அட்டை, எடுத்துக் கொடுத்த கை அது. எனக்கும் பயம். சரி என்றேன். தட்டச்சு செய்து தந்தார். வாசித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்பு எங்கேயும் இல்லை. பிறந்திருக்கவே இல்லை.

அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நடுப்பகல். பாலத்துக்குக் கீழே வந்தபோது மேலால் மெற்றோ வந்தது. இரும்பில் இரும்பு. என் உடம்பு எண்ணத் தொடங்கியது. தெருவில், அத்தனை சனத்துக்கு நடுவில், குப்புறப் படுத்துவிட்டேன். சனம் விலத்தி விலத்திப் போனது. காய்கறிப் பையோடு ஒரு தமிழ் அம்மா குனிந்தார். முன்பின் தெரியாதவர். என்னிலும் இருபது வயது மூத்தவர்.

“என்ன பிள்ளை? ஒண்டுமில்லை. எழும்புங்கோ.”

எழும்புங்கோ என்றார். எனக்கு. அழுதேன். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

திரும்பவும் மாடிக்கு ஏறினேன்.

“அண்ணை, நாலு.”

“விசரே உனக்கு? கார்த் வேண்டாமே?”

“வேணும். அப்புவும் வேணும்.”

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை தெரியும்தானே. கார்த்தை நம்பி அப்புவைக் கைவிட என்னால் முடியாது. அண்ணை வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டு புதுத்தாள் ஏற்றினார்.

ரீச்சர் கடிதம் போட்டிருக்கிறார். ‘செவ்வாய்க்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம்.’ ஒரே வரி. புதன்கிழமை நான் சிரித்ததை இன்னும் அவருக்கு எழுதவில்லை.

இனி, இழந்ததன் கணக்கு.

வீடு ஒன்று. சூட்கேஸ் ஒன்று, அம்மாவின் கையோடு. அப்புவின் பதக்கங்கள் இருந்த பிஸ்கட் ரின் ஒன்று. அவர் திருத்தி முடிக்காத எஞ்சின் ஒன்று.

செத்தவர்கள் நாலு பேர். வேலிக்கு அந்தப் பக்கம் மரியதாஸ் அண்ணை. அவருடைய மூத்த மகள். என் அம்மா. நாலாவது என் அப்பு. ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். ஆமி ஒபிசர்தான்.

எந்த ஆமி என்று இந்த முறையாவது கேளுங்கோ.