பத்து நிமிடக் கதவு

உங்கள் ஸ்டேஷன் டீயில் ஏலக்காய்த் தோலைத்தான் போடுகிறார்கள், ஆனாலும் மணக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, போடிக்குத் திரும்பியவன் நான். எழுபதுகளில் நான் மேய்த்த எந்திரம் கல்யாண மண்டபம் அளவு இருக்கும். அது தும்மினால் மவுண்ட் ரோட்டில் விளக்கு அணையும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

குரங்கணிக்கு மேலே காசிமாயன் எஸ்டேட் ஸ்டோரில், அதாவது பச்சை ஏலக்காயைப் புகைக்குழாய்ச் சூட்டில் உலர்த்தும் அறையில், கம்ப்யூட்டர் வைத்தது இந்த வருஷம்தான். இடையில் ஓர் ஆள் உள்ளே போய்க் காயைக் கிளறிவிட வேண்டும். கதவைத் திறந்து திறந்து மூடினால் சூடும் போகும், ஆள் திருடி மடியில் கட்டிய காயும் போகும் என்பது முதலாளியின் கவலை. ஆள் நுழைந்ததும் கதவு பூட்டிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் தானே திறக்க வேண்டும். அவருடைய அண்ணன் மகள் பொன்னுமணி, கோயம்புத்தூரில் படித்தவள், அங்குள்ள பெரிய எந்திரத்தில் புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தாள். எஸ்டேட்டில் இருப்பதோ சின்ன எந்திரம். இரண்டுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது என் சோலி.

புரோகிராம் எழுதும் மொழியோடு சில ஏவல்கள் ஆயத்தமாகவே வரும். லைப்ரரி என்போம். ‘காத்திரு’ என்பது அதில் ஒன்று. எவ்வளவு என்று ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை ஒவ்வொரு எந்திரமும் தன் துடிப்பால் எண்ணும். கோயம்புத்தூர் எந்திரம் நொடிக்கு அறுபது துடிப்பு, எங்களுடையது பதினெட்டு. அங்கே பத்து நிமிடம் என்றால் இங்கே அரைமணிக்கும் மேல். இப்படி எந்திரத்துக்கு எந்திரம் பொருள் மாறும் எண்களைப் பிடிக்க நானே ஒரு புரோகிராம் செய்தேன். சல்லடை என்று பெயர். குரங்கணி உச்சியில் ஒரு காய் உதிர்ந்தால் ராசிங்காபுரத்திலிருந்தே சொல்லிவிடும்.

எல்லாம் சுத்தம் என்று பொன்னுமணியிடம் சொன்னேன். சோதனைக்கு ஒரு நொடிக் கணக்கைக் கொடுத்து, கதவு பூட்டுகிறதா, திறக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். முழு நேரமும் நின்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, நான் சொல்லிவிட்டேன் அல்லவா.

திறப்பு விழாவன்று கிளறப் போனது சுருளி. “பத்து நிமிசம்தானங்கய்யா? எம் பொண்டாட்டி மூச்சு விடாம பேசுறதே அதவிட ஜாஸ்தி” என்றான். அவன் மனைவி பேச்சி உட்பட எல்லாரும் சிரித்தோம்.

பத்து நிமிடம் ஆனது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து தட்டினான். கடப்பாரை கொண்டு வந்தார்கள். இரும்புக் கதவு, அசையவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவர ஜீப்பு போடிக்குப் போனது. எண்ணிக்கொண்டிருக்கும்போது எந்திரம் எந்தச் சாவிக்கும் மசியாது. பேச்சி என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவுக தட்டுற சத்தம் கொறையுதுய்யா. எதையாச்சும் செய்யுங்கய்யா.”

நான் என்ன செய்ய முடியும்?

பொன்னுமணியின் கை சுவிட்சுக்குப் போனது. மறுபடி போட்டால் முதலில் கதவைத் திற என்றுதான் அவள் எழுதியிருந்தாள். “மாமா, நிறுத்திட்டுப் போடவா? எண்ணுல தப்பு இருக்குமோ?”

“பொறு ஆத்தா. என் சல்லடையில சிக்காத தப்பா? பூட்டுதான் மக்கர் பண்ணுது. நடுவுல நிறுத்தினா எல்லாம் கெட்டுப் போயிரும்.”

கையை எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பெண். கதவு பிறகு தானாகவே திறந்தது, நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த நேரத்துக்கு. சுருளி வாசலிலேயே கிடந்தான், மூச்சு இல்லை. வெந்த காயின் வாசம் எல்லார் மூக்கிலும் ஏறியது.

வெளியே பெஞ்சில் பொன்னுமணியை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளுக்காக நான் வரவில்லை. என் சல்லடை கோட்டை விட்டுவிட்டது என்று போடி முழுக்கப் பேசுகிறார்கள் ஐயா, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் ஓட்டத்திலேயே அது பிடித்துவிட்டது. ‘காத்திரு’வை மட்டும் கண்டுகொள்ளாதே என்று அதன் வாயை அடைத்தது நான். மாமா காலத்து எந்திரமெல்லாம் மியூசியத்துக்குப் போயிருச்சு என்று பத்துப் பேர் முன்னால் அவள் சொன்னாள். விழாவில் அவள் முகம் வாடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். நிறுத்தவிட்டிருந்தால் அந்தக் காட்சி பாதியிலேயே முடிந்திருக்கும்.

ஆகவே பழுது சல்லடையில் இல்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பேச்சியிடமும் சொல்லிவிடுங்கள் ஐயா, கேட்டால் அவளுக்கு மனசு ஆறும்.