ரெண்டுல வெச்ச ஜம்பர்

டெரிக்: மௌரீன், வந்து பாரு... ஸ்கிரீன ஆஃப் பண்ணாம வெச்சிருக்கேன். செங்கல் கேம்ல தொள்ளாயிரத்து நாப்பது.

மௌரீன்: அடுப்புல மீன் குழம்பு இருக்குங்க. பாத்தேன்னு வெச்சுக்கங்க.

டெரிக்: பாக்காமயேவா? ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடிகூட எண்ணூத்தி முப்பதுதான் என் ரெக்கார்டு. ஒரு செங்கல் விடாம ஒடைச்சிட்டேன். இந்த வலது கையால.

மௌரீன்: நல்லதுதானே.

டெரிக்: ஏன் இழுக்கறே? நாகேஷ் சாருக்கு போன் போட்டுட்டேன். திங்கக்கிழமை ரிப்பேர் கடைக்கு வரேன்னு.

மௌரீன்: போட்டுட்டீங்களா... யாரக் கேட்டு?

டெரிக்: "கை சரியானதும் ஆராமா வா"ன்னு அவர்தானே சொன்னாரு. ஆடுகோடி பட்டறைங்கள்ல இன்னும் பழைய கம்ப்யூட்டர வெச்சுத்தான் மெஷின் ஓட்டறாங்க. அதுக்கெல்லாம் யாரு ஈயம் வெச்சு சால்டர் பண்ணுவா?

மௌரீன்: இன்னும் ஒரு மாசம்...

டெரிக்: எட்டு மாசம் ஆச்சு. பழைய ஸ்கோர தாண்டினா வேலைக்குப் போறேன்னு சொன்னேன். நீயும் தலையாட்டினே.

மௌரீன்: ஆட்டினேன்தான். இருங்க, குழம்ப எறக்கிட்டு வரேன்.

டெரிக்: என்னடீ, கண்ணு கலங்குது?

மௌரீன்: வெங்காயம்.

டெரிக்: குழம்பே கொதிச்சாச்சு, இப்ப என்ன வெங்காயம்? சொல்லு.

மௌரீன்: திட்டக்கூடாது. அங்க போய் சூடான சால்டர் கம்பியப் பிடிச்சு, கை நடுங்கி, அவரு போர்டு வீணாப்போனா நீங்க தாங்கமாட்டீங்க. அதான் சொல்றேன். அந்த ஸ்கோரு நெசமில்ல.

டெரிக்: எப்படி இல்லாமப் போகும்?

மௌரீன்: ரெண்டு வாரம் முன்னாடி, நீங்க பிசியோதெரபிக்குப் போனப்போ டப்பாவத் தொறந்தேன்.

டெரிக்: என் கம்ப்யூட்டரயா?

மௌரீன்: கம்ப்யூட்டர் என்ன வேகமோ இந்த கேமும் அதே வேகம்னு நீங்கதானே சொல்வீங்க. போர்டுல அச்சடிச்ச டேபிளப் பாத்து, புருவம் எடுக்கற ப்ளக்கரால அந்த ஜம்பர்ங்கற குட்டி மூடிய எடம் மாத்தி, வேகத்தப் பெருக்கற மல்டிப்ளையர கம்மி பண்ணிட்டேன். பந்து மெதுவா வரும், உங்களுக்கும் மனசு நெறையும்னு...

டெரிக்: எதுல வெச்சே?

மௌரீன்: இருக்கறதுலயே கம்மி. ரெண்டு.

டெரிக்: ரெண்டா...

மௌரீன்: சிரிக்காதீங்க. நான் எவ்ளோ பயந்துபோய்...

டெரிக்: அந்த போர்டு அச்சடிச்சப்போ இந்த ப்ராசஸர் சிப்பே கெடையாது. பின்னாடி நான் வாங்கிப் போட்டது. ரெண்டுல வெச்சா இது ஆறு மடங்குல ஓடும், சிப் கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். இருக்கறதுலயே வேகம் அதுதான்டீ.

மௌரீன்: அப்போ... தொள்ளாயிரத்து நாப்பது?

டெரிக்: முழு வேகத்துல.

மௌரீன்: ஆன் பண்றப்போ ஸ்பீடு காட்டுமே, நீங்க பாக்கலியா?

டெரிக்: அந்த மானிட்டர் கண்ண முழிக்கறதுக்குள்ள அந்த வரி போயிடும். அதான் அந்த வாரம் பந்து திடீர்னு பறந்துச்சு. கை இன்னும் மோசமாயிடுச்சுன்னு பயந்து, காலையும் சாயந்தரமும் உக்காந்தேன்.

மௌரீன்: திடீர்னா? அதுக்கு முன்னாடி எதுல ஓடிச்சு?

டெரிக்: அது... எப்பவும் ஆறுதான்.

மௌரீன்: ஆறு மடங்குன்னு எப்பவும் பெருமையடிப்பீங்க, ஆனா டப்பாவுக்குள்ள மூணுல இருந்துச்சுங்க. நான் பாத்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் எனக்குத் தெரியாம நீங்களே எறக்கி வெச்சிருக்கீங்க. அதப் பாத்து அழுதுட்டுதான் இன்னும் ஒண்ணு கொறச்சேன். போகட்டும்... திங்கக்கிழமை டிபன் எத்தனை மணிக்குக் கட்டணும்?